நடுவில் கோடு போட்ட மாத்திரை

என் மருந்துக்கடைக்குள் நுழைவது சுலபம், வெளியே போவதுதான் கஷ்டம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேசட்டும். மாத்திரையை எடுத்து மேஜை மேல் வைத்ததும், எத்தனை போட வேண்டும், எப்போது போட வேண்டும், எதோடு சேர்த்துப் போடக் கூடாது என்று ஒரு தடவை சொல்வேன். அப்புறம் "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்பேன். சரியாகச் சொன்னால் பை கைக்கு வரும். உளறினால் முதலிலிருந்து ஆரம்பம். இதற்காக எனக்கு 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வேலையற்றுப் போயா இதைச் செய்கிறேன்? ஒருத்தர் வந்தார். "சிரப் ஒரு ஸ்பூன்னு சொன்னீங்க, இதுலதான் குடிச்சேன், ரெண்டு நாளா ஞாயித்துக்கிழமை மாதிரியே இருக்கு" என்று பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். அதில் ஒரு குடும்பத்துக்கே பரிமாறலாம். இன்னொரு புண்ணியவான் அரிப்புக்கு ஒரு மாத்திரை, ஜலதோஷத்துக்கு ஒரு சிரப், பஸ்ஸில் குமட்டாமல் இருக்க இன்னொரு மாத்திரை என்று மூன்று கடையில் மூன்று வாங்கியிருக்கிறார். மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே மாதிரி தூங்க வைக்கிற சரக்கு. டப்பாதான் வேறு வேறு. மூன்றையும் முழுங்கிவிட்டு பஸ் ஏறியவர், டிப்போவில் வண்டி கழுவுகிற தண்ணீர் முகத்தில் பட்டுத்தான் கண் விழித்தார்.

அதனால்தான் கல்லாவுக்கு மேலே என் கையாலேயே எழுதி ஒரு பலகை மாட்டியிருந்தேன்: 'இந்தக் கடையில் தவறு நடப்பதில்லை.' இருபத்திரண்டு வருஷமாக அது அங்கே தொங்கியது.

இனி துண்டு டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு மாத்திரை போதும் என்று ஒருவர் கேட்டால் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுக்க வேண்டும். மருந்தின் பேரும் காலாவதி தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சடித்திருக்கும். அந்த ஓரம் வாங்குகிறவருக்குத்தான் போக வேண்டும் என்பது என் கடையின் சட்டம். அப்போ பேரில்லாத மிச்சத் துண்டு என்ன ஆகும்? அதை விற்க மாட்டேன். கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். அது எங்கள் வீட்டு உபயோகத்துக்கு. பேர் இல்லாவிட்டால் என்ன, மாத்திரையின் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா என்று ஒரு திமிர். ஊருக்கெல்லாம் பேரோடு மருந்து, உடன்பிறந்தவளுக்குப் பேரில்லாத மருந்து. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

உடன்பிறந்தவள் என்றது என் அக்காவை. ஜன்னல் திரைச்சீலை தைப்பது அவள் தொழில். தைத்ததை வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்ட ஒரு பழைய வேன் வாங்கி வைத்திருக்கிறாள். ஆனால் லைசென்ஸ் இல்லை. வேன் இரண்டு வருஷமாக வாசலில் அலமாரியாக வேலை பார்க்கிறது. அதுவரை அத்தான்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வழியில் தென்படுகிற ஒவ்வொரு கடைப் பலகையையும் வாய்விட்டுப் படித்து, எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து, வருத்தப்பட்டு, அப்புறம்தான் அடுத்த தெருவுக்குப் போவார். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டாவது வீடு. "இந்த மனுஷன் பக்கத்துல உக்காந்தே எனக்கு நரை விழுந்துடுச்சுடி, நானே ஓட்டினாத்தான் விடியும்" என்பாள் அக்கா.

ஓட்டத் தெரியாமல் இல்லை. பிரமாதமாக ஓட்டுவாள். ஆனால் டெஸ்ட் என்றால் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து அரிக்க ஆரம்பித்துவிடும். பயத்தில் வருகிற அரிப்பு. முதல் தடவை பிடரியைச் சொறிந்தபோது மைதானத்தில் வழிக்கு வைத்திருந்த இரண்டு கூம்பைச் சாய்த்தாள். இரண்டாம் தடவை முழங்காலைச் சொறியப் போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். மூன்றாம் தடவை, பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டரிடம் "சார், நடு முதுகுல கொஞ்சம் சொறிஞ்சு விடறீங்களா" என்று கேட்டுவிட்டாள். நான்காம் தடவை மேட்டில் நிறுத்தி இரண்டு கையாலும் சொறிந்தாள். வண்டி தன்பாட்டுக்குப் பின்னால் உருண்டு இன்ஸ்பெக்டரின் மேஜையையும் டீயையும் தள்ளியது. ஐந்தாவது தடவையும் ஃபெயில் என்றால் ஒரு வருஷம் விண்ணப்பமே போட முடியாது. அடுத்த மாதம் ஒரு பெரிய விடுதிக்கு அறுபது ஜன்னலுக்கு மாட்டித் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அத்தானோடு போனால் அந்த அறுபது ஜன்னலும் ஆயுசுக்கும் முடியாது.

அந்த ஐந்தாவது டெஸ்ட் அன்று காலை எட்டே முக்காலுக்குக் கடைக்கு வந்தாள்.

"ஏண்டி, அரிப்புக்கு ஏதாவது குடு. பதினோரு மணிக்கு டெஸ்ட். இப்பவே கழுத்துல ஆரம்பிச்சிடுச்சு பாரு."

அரிப்பு மாத்திரையில் இரண்டு ரகம் உண்டு. பழைய ரகம் அரிப்போடு சேர்த்து ஆளையும் படுக்க வைக்கும். உருண்டையாக, நடுவில் ஒரு கோட்டோடு இருக்கும். புது ரகம் நீளமாக இருக்கும், பெரும்பாலும் தூங்க வைக்காது. அதைக்கூட முதல் தடவை போடுகிறவர் வண்டி எடுக்கிற நாளில் போடக் கூடாது, உடம்பு எப்படி ஏற்கிறது என்று வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். வேறு யாராவது கேட்டிருந்தால் இதையெல்லாம் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார். "இது சரியில்லம்மா, எப்ப வச்சாலும் காய்ச்சல்னே காட்டுது" என்றார். "ஐயா, உங்களுக்குக் காய்ச்சல் அடிக்குது" என்றேன். "அதை இது சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே, குனிந்து பார்க்காமல் துண்டு டப்பாவுக்குள் கையை விட்டு, அகப்பட்ட துண்டை அக்கா கையில் திணித்தேன். "இந்தா, போட்டுக்கோ, போ" என்றேன். எத்தனை என்று சொல்லவில்லை. திருப்பிச் சொல் என்று கேட்கவும் இல்லை. அக்காதானே.

பத்தே முக்காலுக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். லாரி வாசலிலேயே நின்றது. அதன் பின்னால் கூண்டு கூண்டாக வாத்து. எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன.

"மேடம், ஏத்தினதிலேர்ந்து ஒரே அரிப்பு. எல்லாம் இந்த இறகாலதான். ஒரு மாத்திரை குடுங்க."

"வண்டி ஓட்டறவரா? அப்ப இது ஆகாது" என்று புது அட்டை ஒன்றை எடுத்து அவரிடம் காட்டினேன். "நடுவுல கோடு இருக்கு பாருங்க. இதைப் போட்டுட்டு ஓட்டினீங்கன்னா வாத்து முழிச்சிக்கிட்டிருக்கும், நீங்க தூங்கிடுவீங்க."

சொல்லும்போதே என் விரலுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. காலையில் எடுத்த துண்டில் விரலுக்குத் தட்டுப்பட்டது உருண்டை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை நான் அதில் போட்டு வைத்த நீள மாத்திரைகள் இரண்டும் அப்படியே கிடந்தன. உருண்டைத் துண்டைத்தான் காணவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். அத்தானுக்குப் போட்டேன். ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"அத்தான், அக்கா எப்படி இருக்கா?"

"அருமையா இருக்காம்மா. இவ்வளவு நிதானமா இவளை நான் கல்யாணத்தன்னைக்குக்கூடப் பாத்ததில்ல. மைதானத்துல பெஞ்சுல உக்காந்து ஒரு கம்பத்தைப் பாத்து சிரிச்சிக்கிட்டிருக்கா."

"எத்தனை மாத்திரை போட்டா?"

"ரெண்டு. ஒண்ணு அரிப்புக்காம், ஒண்ணு பயத்துக்காம். மூணாவதைப் பத்திரமா முடிச்சு வச்சிருக்கா."

"வேற ஏதாவது குடிச்சாளா?"

"ரெண்டு தும்மல் தும்மினா. என் ஜலதோஷ சிரப் ஒரு மூடி குடுத்தேன். நீ திட்டுவேன்னு பாட்டில்ல இருக்கறதை முழுசாப் படிச்சிட்டுத்தான் குடுத்தேன்."

"தூக்கம் வரும், வண்டி ஓட்டாதேன்னு அதுல போடலையா?"

"போட்டிருந்துதே. ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல."

நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "உள்ள போறப்ப போனை வாங்கி வச்சிக்கறாங்கம்மா. எதுன்னாலும் சாயங்காலம் பேசு" என்று வைத்துவிட்டார்.

இரண்டு மாத்திரை, மேலே அதே சரக்குள்ள ஒரு மூடி சிரப், நேராக ஸ்டியரிங்குக்கு முன்னால். கடை ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். மைதானம் எங்கள் தெருவிலிருந்து மூன்று கல் தொலைவு. ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. லாரி டிரைவர் மாத்திரை கிடைக்காத முகத்தோடு இன்னும் அங்கேயே நின்றார்.

"என்னை டெஸ்ட் மைதானத்துல விடுங்க. போற வழியில உங்களுக்கு என்ன மருந்துன்னு சொல்றேன்."

"வாத்து குலுங்கும் மேடம்."

"குலுங்கட்டும்!"

குலுங்கின. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குக் குலுங்கின. ஹெட்மிஸ்ட்ரஸ் வாத்து லாரியில் தலைவிரி கோலமாகப் போவதை அன்றைக்கு ஊரே பார்த்தது.

மைதானத்தில் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். நடுவில், கூம்புகளுக்கு இடையே, பயிற்சிப் பள்ளியின் கார். டிரைவர் இருக்கையில் அக்கா. பக்கத்தில் இன்ஸ்பெக்டர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் அவரை எல்லோரும் பென்சில் என்றுதான் சொல்வார்கள். அக்கா கண்ணாடியைச் சரி செய்தாள். அதிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் ஆச்சரியத்தோடு ஏதோ எழுதிக்கொண்டார். 'அதிக கவனம்' என்று எழுதினாராம். அப்புறம்தான் தெரிந்தது.

கார் நகர்ந்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. அக்காவின் தலை மெதுவாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. நேர் எதிரே மைதானத்தின் சுவர்.

நான் கம்பி வேலியைத் தாண்டி ஓடினேன். என் வயசுக்கும் உடம்புக்கும் தாண்டக்கூடிய வேலி இல்லை அது. எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. காருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். அது நிற்கவில்லை. பின்னால் நடந்துகொண்டே "நிறுத்துக்கா! பிரேக்கை மிதி!" என்று கத்தினேன். அக்கா முன்பக்கக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து அன்பாகக் கையசைத்தாள். பென்சிலுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்து, தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தார். கார் என் முழங்காலைத் தொட்டு நின்றது. அக்கா ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஹாரன் விடாமல் அலறியது. வேலிக்கு வெளியே வாத்துகள் அதற்குப் பதில் சொல்லின.

பென்சில் இறங்கி வந்தார். கோபத்தில் காதில் இருந்த பென்சில் ஆடியது.

"யாரும்மா நீ? டெஸ்ட் நடக்கறப்ப குறுக்க வந்தா ஃபெயில்தான், தெரியுமில்ல?"

"சார், அவ மாத்திரை போட்டிருக்கா. தூக்க மருந்து கலந்தது."

"தெரிஞ்சே போட்டுட்டு வந்து உக்காந்தாங்களா? அப்ப ஃபெயில், ஒரு வருஷம். தெரியாம யாராவது குடுத்திருந்தா, குடுத்தவங்க கையெழுத்துப் போட்டு எழுதித் தரணும். அப்படின்னா இன்னைக்கு டெஸ்டே நடக்கலைன்னு வச்சுக்கலாம். யாரு குடுத்தது?"

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறவர்கள். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். 'அவளே டப்பாவைத் திறந்து எடுத்துக்கிட்டா சார்' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அக்கா மறுத்துப் பேசவும் முடியாது, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷப் பலகை எனக்கு மிஞ்சும், அவளுடைய வேன் இன்னும் ஒரு வருஷம் அலமாரியாக நிற்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மூச்சு நேரம் நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

"நான்தான் சார்" என்றேன். "மருந்துக்கடை என்னுது. மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன். எத்தனை போடணும்னும் சொல்லல. தப்பு என்னுது."

"சத்தமாச் சொல்லும்மா, வாத்து கத்துது."

சத்தமாகச் சொன்னேன். காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன். வேலியோரம் நின்றிருந்த அத்தான் ஓடி வந்து, அதை வாங்கி ஒரு முறை படித்து, ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். இத்தோடு என் கடைக்கு இனி யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துத் திரும்பினால், வரிசை கலைந்து என் முன்னால் வந்து நின்றது. "மேடம், நான் காலைல சளிக்கு ஒண்ணு போட்டேன், அதுல கோடு இருந்துச்சா இல்லையான்னு தெரியலையே" என்றார் முதல் ஆள். பென்சில் மூன்று பேரை அன்று வீட்டுக்கு அனுப்பினார்.

அக்காவை அத்தானின் காரில் ஏற்றும்போதே எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார். "இந்த அளவுக்குப் பெரும்பாலும் தூங்கித்தான் எழுந்திருப்பாங்க. ஆனா தனியா விடாதீங்க. அடிக்கடி எழுப்பிப் பாருங்க. எழுப்பியும் எழுந்திருக்கலைன்னா, மூச்சு சீரா இல்லைன்னா, நெஞ்சு படபடன்னு அடிச்சா, சம்பந்தமில்லாம பினாத்தினா, உடனே ஆஸ்பத்திரி. வேற மருந்து எதுவும் குடுக்காதீங்க. நாளைக்கு முழுக்க வண்டியைத் தொடக் கூடாது" என்றார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னேன்.

அத்தான் அன்றைக்கு ஒரு பலகையைக்கூடப் படிக்காமல் ஓட்டினார். அக்காவின் தையல் அறையில், துணி வெட்டுகிற பெரிய மேஜை மேல், மடித்த திரைச்சீலைகளுக்கு நடுவே அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நான் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். கால்மணிக்கு ஒரு தடவை எழுப்பினேன்.

"அக்கா, இது எத்தனை விரல்?"

"மூணு. மடக்கி வைடி, ஊசி குத்திடும்."

சரியாகத்தான் இருந்தாள். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. யார் யாருக்கோ கத்திக் கத்திச் சொன்னவள், சொந்த அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே என்று தேம்பித் தேம்பி அழுதேன். மூக்கைத் துடைக்கக் கைக்குக் கிடைத்தது யாரோ ஒருவருடைய வரவேற்பறைத் திரைச்சீலை.

நாலரை மணிக்கு அவளாகவே எழுந்து உட்கார்ந்தாள். வாய் உலர்ந்திருக்கிறது என்று தண்ணீர் கேட்டுக் குடித்தாள். "நான் பாஸாடி?" என்றாள்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கூந்தலை முடிந்துகொண்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கடைசில என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு" என்றாள்.

"தப்பு என்னுது."

"காதுல விழல."

"தப்பு என்னுதுக்கா."

"முதல்லேர்ந்து."

மூன்று தடவை சொன்னேன். "சின்ன வயசுலேர்ந்து இதைக் கேக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். அப்புறம் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, அந்தத் திரைச்சீலையை யார் துவைப்பது என்று சண்டை போட்டாள்.

துண்டு டப்பாவை மறுநாளே காலி செய்தேன். இப்போது நறுக்கினால் மிச்சத் துண்டின் முதுகில் பேரும் தேதியும் எழுதி ஒட்டுகிறேன், வீட்டுக்கானாலும் சரி. பலகையையும் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது.

இரண்டு வாரம் கழித்து அக்கா மறுபடி டெஸ்டுக்குப் போனாள். மாத்திரை எதுவும் போடவில்லை. அரிப்பு வந்ததா என்றால், வந்ததாம், காது வரை வந்ததாம். பொறுத்துக்கொண்டு ஓட்டி முடித்து, வண்டியை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, "சார், எழுதிட்டீங்களா?" என்று கேட்டாளாம். பென்சில் 'பாஸ்' என்று எழுதிக் காட்டிய பிறகுதான் இரண்டு கையாலும் ஆசை தீரச் சொறிந்திருக்கிறாள்.

அன்று மதியம் கடை வாசலில் ஹாரன் கேட்டது. வேன். உள்ளே அறுபது ஜன்னலின் திரைச்சீலை, ஓட்டுகிற இடத்தில் அக்கா, பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே அத்தானின் தலை மட்டும்.

"மாட்டறதுக்கு ஒரு ஆள் கம்மியா இருக்கு. ஏறுடி" என்றாள்.

கடையைப் பூட்டிவிட்டு ஏறினேன். வண்டியைக் கிளப்பாமல் சாவியைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"நான் இன்னைக்கு ஒரு மாத்திரையும் போடல. சிரப்பும் குடிக்கல. நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன். திருப்பிச் சொல்லு."

சொன்னேன், ஒன்று விடாமல். அதன் பிறகுதான் அக்கா வண்டியை எடுத்தாள்.